நெல்லையிலிருந்து ஒரு ராக் சிங்கிள்: பெண் குரலை நடுவில் வைத்துப் பாட்டு வெளியிட முழு வழிகாட்டி

எங்கள் ராக் குழுவின் புதிய சிங்கிள் (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டு) இப்போதுதான் வெளியானது. வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு, மூன்றரை நிமிடம். டிரம்ஸ், பேஸ், ஒரு கிட்டார், அப்புறம் என் குரல். பாட்டு வந்த பிறகு பாளையங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி பக்கமிருந்து எழுதிய பெண்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அக்கா, எங்கேயிருந்து ஆரம்பிக்கணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் தெரிந்ததையெல்லாம் இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ராக் குழுவில் பெண் குரல் அமுங்கிப்போவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. கிட்டாருக்கு வசதியான சுருதி, டிரம்ஸின் சத்தம், மைக் செட்டின் பழக்கம் என்று எல்லாம் தானாகவே குரலைப் பின்னால் தள்ளிவிடும். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போங்கள்: இந்த இடத்தில் குரல் எங்கே இருக்கிறது?

எந்தப் பாட்டு?

குழுவிடம் நாலைந்து பாட்டு இருக்கும். வாத்தியம் எதுவும் இல்லாமல், தொடையில் தாளம் தட்டி ஒவ்வொன்றையும் முழுதாகப் பாடிப் பாருங்கள். நாங்கள் இதைக் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து செய்தோம். ஐந்தில் மூன்று பாட்டு அங்கேயே விழுந்துவிட்டது, கிட்டார் இல்லாமல் அவற்றில் ஒன்றுமே இல்லை. மிச்சம் இரண்டில், கேட்டவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுத்தது எதுவோ அதை எடுத்தோம்.

சுருதியை மாற்றுங்கள்

இந்தப் படியில்தான் நான் இரண்டு வருடத்தைத் தொலைத்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிட்டாரின் தடித்த கம்பி ஈ (E) சுரத்தில் நிற்கிறது, சுமார் 82 ஹெர்ட்ஸ். அதைத் திறந்து அடித்தால் வரும் கனம்தான் ராக் ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கின்) உயிர். அதனால் கிட்டார்காரர்கள் ஈ மைனரில் எழுதிவிடுவார்கள். ஹார்மோனியக் கட்டைகளை வைத்துச் சுருதி சொல்லும் நம் ஊர்க் கணக்கில் ஈ என்பது 3 கட்டை. கச்சேரி பாடும் பெண்கள் பெரும்பாலும் 5 முதல் 6 கட்டைக்குள் பாடுகிறவர்கள், ஆண்கள் 1, 2 கட்டைப் பக்கம். 3 கட்டையில் எழுதிய பாட்டைப் பெண் பாடினால், கீழ் ஸ்தாயியில் சரணம் வெறும் பேச்சாகி கிட்டாருக்குள் புதைந்துவிடும். ஒரு ஸ்தாயி மேலே போனால் கோரஸ் (பல்லவிபோலத் திரும்ப வரும் பகுதி) கத்தலாகிவிடும். "உனக்கு குரல்ல பவர் பத்தல" என்று என்னிடம் சொன்னார்கள், நானும் நம்பினேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. சுருதிதான் எனக்கு ஒத்துவரவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஹார்மோனியமோ கைப்பேசியில் ஒரு சுருதிப்பெட்டிச் செயலியோ வைத்துக்கொண்டு, கோரஸின் உச்ச சுரத்தை 20 தடவை தொண்டை வலிக்காமல் பாட முடிகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். 20 தடவை என்பது சும்மா சொன்ன கணக்கு இல்லை, ஒலிப்பதிவு அன்றைக்கு அத்தனை தடவை பாட வேண்டியிருக்கும். அங்கிருந்து கீழே எண்ணி ஆதார சுருதியை வையுங்கள். எனக்கு 6 கட்டை வந்தது, அதாவது ஏ (A) மைனர்.

கிட்டார்காரர் முகம் சுளிப்பார். ஐந்தாம் கட்டத்தில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) போட்டால் ரிஃபின் கனம் போய்விடும் என்பார், அது உண்மைதான். ஆனால் அடுத்த கம்பியே திறந்த ஏ, 110 ஹெர்ட்ஸ். ரிஃபை அந்தக் கம்பிக்கு மாற்றி எழுதினால் கனம் முழுக்கப் போகாது. பேஸுக்கும் திறந்த ஏ கம்பி இருக்கிறது, 55 ஹெர்ட்ஸ், அடிவயிற்றில் இறங்கும். அரைக் கட்டை குறைந்தால் போதும் என்றால் எல்லாக் கம்பிகளையும் அரை சுரம் இறக்கிக் கட்டிக்கொள்ளலாம், ராக்கில் அது பழைய வழக்கம். எங்கள் கிட்டார்காரருக்கு ரிஃபை மாற்றி எழுத ஒரு வாரம் பிடித்தது. இப்போதைய ரிஃப்தான் பழையதைவிட நன்றாக இருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

வரிகள்: குறிலை இழுக்காதீர்கள்

ராக் மெட்டு பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தது. நீண்ட சுரத்தில் எந்த எழுத்து வந்தாலும் ஆங்கிலத்துக்குப் பெரிய சேதமில்லை. தமிழில் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். மலை மாலையாகும், நிலம் நீலமாகும், குடை கூடையாகும். எங்கள் கோரஸ் முதலில் "என்னை விடு" என்று முடிந்தது. கடைசிச் சொல்லில் இரண்டு பார் (தாள வட்டம்) இழுவை. பாடிக் காட்டியபோது தோழி கேட்டாள், "யார் வீட்டப் பத்திப் பாடுற?" அன்று இரவே "போக விடு" என்று மாற்றி, இழுவையைப் "போ"வில் வைத்து, "விடு"வைச் சட்டென்று வெட்டினேன். வெட்டியது கோபத்துக்கும் பொருத்தமாக அமைந்தது.

ஆகவே வரிகளை எழுதியதும் நீண்ட சுரங்களின் கீழெல்லாம் கோடு போடுங்கள். அங்கெல்லாம் நெடில் வர வேண்டும். அதிலும் உச்சத்தில் ஆ, ஏ, ஓ வந்தால் வாய் திறந்து குரல் விரியும். ஈயும் ஊவும் உச்சத்தில் தொண்டையை இறுக்கும். சொல் ம், ன், ல் என்று முடிந்தால், மெய்யெழுத்தில் நிற்காமல் உயிரிலேயே நின்று, கடைசி நொடியில் உதட்டை மூடுங்கள். இதெல்லாம் நம் பாட்டு வாத்தியார்கள் அகார சாதகம் (ஆ என்று இழுத்துப் பாடும் பயிற்சி) சொல்லிக்கொடுக்கும்போதே சொல்கிற விஷயம். ராக் என்றதும் நாம்தான் மறந்துவிடுகிறோம்.

அடுத்தது மொழி. நெல்லைத் தமிழில் எழுதலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். எழுதுங்கள். எங்கள் பாட்டில் "ஏட்டி" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிடுகிறாள். அதைத் "தோழி" என்று மாற்றச் சொன்னவர்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டில் யாரும் யாரையும் தோழி என்று கூப்பிடுவதில்லை. அயர்லாந்தின் லிமெரிக்கிலிருந்து வந்த தி கிரான்பெர்ரீஸ் குழுவின் டோலோரஸ் ஓரியார்டன் தன் ஊர் உச்சரிப்போடுதான் பாடினார், உலகம் முழுக்கக் கேட்டது. சென்னையில் 2018-இல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் இசைவாணி கானாவைக் கானாவின் மொழியிலேயே பாடினார். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. நம் ஊர்ப் பேச்சுக்கும் அந்த இடம் உண்டு.

வாத்தியங்களை அடுக்குவது: வில்லுப்பாட்டைக் கவனியுங்கள்

கொடை என்னும் திருவிழா நடக்கும் கோயிலில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் படி சுலபம். வில், வீசுகோல், உடுக்கை, குடம், கட்டை, ஜால்ரா என்று அத்தனையும் மேடையில் இருக்கும், சத்தமும் பெரிது. ஆனால் கதை சொல்ல வேண்டிய இடம் வந்ததும் எல்லாம் ஒதுங்கிவிடும். குரல் ஒரு வரி சொல்லும், "ஆமா" என்று பின்பாட்டுக்காரர்கள் வாங்குவார்கள், அப்புறம்தான் குடம் பேசும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் தள்ளாத வயது வரைக்கும் வில்லின் நடுவே உட்கார்ந்து இதைச் செய்தவர். நம் பக்கத்தில் பெண் குரல் ஒரு குழுவை நடத்துவது புது விஷயமே இல்லை. மேடையில் தயக்கம் வரும்போதெல்லாம் நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இதை அப்படியே ராக் குழுவுக்குக் கொண்டுவரலாம். சரணத்தில் கிட்டார் முழு ஸ்ட்ரம்மிங் வேண்டாம். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கட்டும், அல்லது வரி முடியும் இடத்தில் மட்டும் பதில் சொல்லட்டும். சரணத்தில் டிரம்ஸ்காரர் ஹை ஹேட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) மூடியே வைத்திருந்தால் குரலின் மேல்பகுதி தெளிவாகத் தெரியும். எல்லோரும் சேர்ந்து பாயும் இடம் கோரஸ் மட்டும்தான். பின்பாட்டுக்குக் குழுவில் பாடத் தெரியாதவரையும் சேருங்கள். நாலு பேர் சேர்ந்து கத்தும் அந்த "ஆமா" எங்கள் பாட்டில் பலருக்கும் பிடித்த இடம்.

டெமோ

டெமோ என்றால் மாதிரிப் பதிவு. கைப்பேசியை அறையின் நடுவில் வைத்து முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பதிவு செய்து, ஒரு வாரம் கேளுங்கள். சலிக்கிற இடத்தை வெட்டுங்கள். வேகத்தை மெட்ரோனோமில் (சீராகத் தாளம் தட்டும் கருவி) முடிவு செய்து எழுதி வையுங்கள். வேறெதுவும் தேவையில்லை.

ஒலிப்பதிவு

டிரம்ஸைத்தான் வீட்டில் பதிவு செய்வது கஷ்டம். ஒத்திகை ஸ்டூடியோ ஒன்றை அரை நாள் வாடகைக்கு எடுத்து அதை மட்டும் முடித்துவிடுங்கள். மைக் நாலே போதும்: கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னேருக்கு (படபடவென ஒலிக்கும் சின்ன டிரம்) ஒன்று, மேலே இரண்டு. மேலே இருக்கும் இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், கயிறு வைத்து அளந்துவிடுங்கள். தூரம் மாறினால் ஸ்னேர் பிசுபிசுத்துவிடும். டிரம்ஸுக்கு வழியே இல்லையென்றால் கணினியில் நிரல் போட்ட டிரம்ஸும் சரிதான், வெட்கப்பட வேண்டாம்.

பேஸை நேராக இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) செருகுங்கள். கிட்டாருக்கு ஆம்ப் முன்னால் ஒரு டைனமிக் மைக் (மேடையில் பாடகர்கள் பிடிக்கும் வகை), ஸ்பீக்கரின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகி. ஒரே பகுதியை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒன்றை நகலெடுத்து ஒட்டினால் பலன் கிடைக்காது. இரண்டையும் எதற்கு என்று மிக்ஸிங்கில் சொல்கிறேன். எல்லாவற்றையும் 24 பிட்டில், 48 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே இருக்கும்படி பதிவு செய்யுங்கள். சிவப்பு விளக்கு எரியும் வரை ஏற்ற வேண்டிய காலம் டேப்போடு போய்விட்டது.

இப்போது குரல். நேரத்திலும் காசிலும் பெரும்பங்கை இங்கே போடுங்கள்.

அறை முதலில். நம் வீடுகள் சிமெண்ட் சுவர், மொசைக் தரை. கை தட்டினால் எதிரொலிக்கும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வீண் வேலை. பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டும் பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது, ஒலியை உறிஞ்சும் அளவுக்கு அதில் கனம் இல்லை. இரண்டு இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் எல் வடிவத்தில் நிறுத்துங்கள். மைக் பாடுகிறவரைப் பார்த்துத் திரும்பியிருப்பதால் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் அதற்கு அதிகம் கேட்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தாலும் உதவும்.

மைக் விஷயத்தில் விலை உயர்ந்த கண்டென்ஸர் மைக்கை (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை) வாங்கிவிட்டு வருந்துபவர்கள் உண்டு. அதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து கேபிள் வழியே போகும் 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் வேண்டும். அதோடு பக்கத்து வீட்டு மிக்ஸி, காக்கை, தெருவில் போகும் ஆட்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும். பதப்படுத்தாத அறையில் ஒரு டைனமிக் மைக்கை வாய்க்கு அருகே வைத்துப் பாடுவது பல நேரம் இதைவிட நன்றாக வரும். 1966-இலிருந்து விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்.எம்.58-ஐத்தான் நான் பயன்படுத்தினேன். நாலு விரல் தூரம், நடுவே ஒரு பாப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை), மைக் வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து. "ப"கரம் நிறைந்த வரிகளுக்கு இந்தச் சாய்வு முக்கியம்.

நெல்லை வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபேன் ஓடினால் பதிவு கெட்டது, நிறுத்தினால் பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். சித்திரையில் 38 டிகிரிக்கு மேல் போகிற ஊரில் பகலில் பாட நினைக்காதீர்கள். நான் இரவு 10 மணிக்கு மேல் பாடினேன். 20 நிமிடம் பாட்டு, 10 நிமிடம் ஃபேன், மறுபடி பாட்டு. சூட்டில் கிட்டாரும் சுருதி நழுவும், ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு தடவைப் பதிவு) முன்னால் சரிபாருங்கள். கரண்ட் போகும் ஊர் என்பதால் மடிக்கணினி பேட்டரியில் ஓடட்டும், ஒவ்வொரு டேக் முடிந்ததும் சேமியுங்கள். இதைச் செய்யாமல் ஒரு நல்ல கோரஸை இழந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பாடும் முன் 15 நிமிடம் சரளி வரிசையை அகாரத்தில் பாடித் தொண்டையைத் தயார் செய்யுங்கள். முழுப் பாட்டையும் முதலில் நாலைந்து தடவை நிறுத்தாமல் பாடுங்கள். பிறகு சரியாக வராத வரிகளை மட்டும் தனியாக. எல்லா டேக்கிலிருந்தும் நல்ல வரிகளை எடுத்துக் கோர்ப்பார்கள், காம்ப் செய்வது என்று பெயர். அப்போது மூச்சுச் சத்தத்தை எல்லாம் துடைத்துவிடாதீர்கள். ஓடிவந்து பஸ்ஸைத் தவறவிட்டவள் மூச்சு வாங்க வேண்டாமா? கரகரப்பான குரலில் கத்தும் இடங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தொண்டை எரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

மிக்ஸிங்

தனித்தனியாகப் பதிந்ததை ஒன்றாகக் கலப்பதுதான் மிக்ஸிங். எங்கள் முதல் பாட்டை அதற்காக ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். திரும்பி வந்தபோது கிட்டார் மலைபோல நின்றது, நான் அடுத்த தெருவிலிருந்து பாடுவதுபோல இருந்தது. கேட்டதற்கு "ராக்னா அப்படித்தான்மா" என்றார்கள். அதன் பிறகுதான் மிக்ஸிங் கற்றுக்கொண்டேன்.

குரலை முதலில் ஏற்றுங்கள். அது தனியாக நன்றாக ஒலித்த பிறகு டிரம்ஸ், பேஸ், கடைசியில் கிட்டார். பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதால் கடைசியில் குரலுக்கு இடம் மிஞ்சுவதில்லை. இரண்டு தடவை வாசித்த கிட்டாரில் ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் தள்ளுங்கள். நடு வாசல் குரலுக்குத் திறந்துவிடும். சொற்களின் தெளிவு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது, டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்ட கிட்டாரும் அதே இடத்தில்தான் இரைகிறது. கிட்டாரில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் 2 அல்லது 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். கிட்டார்காரருக்கே வித்தியாசம் தெரியாது, உங்கள் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடலாம். "ச", "ஸ" சீறினால் 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை டி-எஸ்ஸர் (சீறலைக் குறைக்கும் கருவி) போடுங்கள், அளவோடு. கூடத்தில் பாடுவதுபோல் காட்டும் ரிவர்பைவிட, குரலைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்லும் சின்ன டிலே நல்லது, குரல் பின்னால் போகாது. கம்ப்ரஸர் (உரத்த, மெல்லிய ஒலிகளைச் சமன்படுத்தும் கருவி) போட்ட பிறகும் வரி வரியாக ஒலியளவைக் கையால் ஏற்றி இறக்குங்கள். அலுப்பான வேலைதான், பாட்டைத் தூக்கி நிறுத்துவதும் இதுவே.

மூன்று சோதனைகள் சொல்கிறேன். ஒலியை மெல்ல மெல்லக் குறையுங்கள், கடைசியாக மறைவது குரலாக இருக்க வேண்டும். கைப்பேசி ஸ்பீக்கரில் கேளுங்கள், கீழ்ச் சுரங்கள் அதில் கேட்காது, பேஸ் முழுக்கக் காணாமல் போனால் அதற்குக் கொஞ்சம் உறுமல் சேருங்கள். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: அம்மாவிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, கேட்கிற வரிகளை எழுதச் சொன்னேன். மூன்று வரிகளைத் தப்பாக எழுதினார். அந்த மூன்றையும் மறுபடி பாடினேன்.

மாஸ்டரிங்

மிக்ஸ் செய்த பாட்டை வெளியீட்டுக்காகக் கடைசியாகச் சீர்செய்வது இது. முடிந்தால் மிக்ஸ் செய்யாத வேறொருவரிடம் கொடுங்கள். ஸ்பாட்டிஃபை பாட்டுகளை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குத் தெரியும் உரப்பின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது, ஆகவே கண்மூடித்தனமாகச் சத்தம் ஏற்றி லாபமில்லை. ராக் பாட்டு அதைவிட உரக்க இருப்பது வழக்கம். அப்படி இருந்தால் ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) மைனஸ் 2 டெசிபலைத் தாண்ட வேண்டாம். குரல் இல்லாத ஒரு பதிப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மேடைக்கும் வீடியோவுக்கும் பயன்படும்.

பாட்டு யாருடையது?

பாட்டு வெளியே போகும் முன், நட்பு நன்றாக இருக்கும்போதே, இதை எழுதி முடியுங்கள். வரியும் மெட்டும் பெண்ணுடையதாக இருந்தும் "பாடகி" என்று மட்டும் பெயர் போட்ட பாட்டுகளை நான் அறிவேன். என் பெயரும் ஒரு தடவை அப்படித்தான் வந்தது.

ஒரு பாட்டில் இரண்டு அடுக்கு உரிமை இருக்கிறது. வரிகளும் இசையும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கு எழுதியவர், இசைக்கு இசையமைத்தவர், ஒலிப்பதிவுக்கு அதை முன்னெடுத்துப் பொறுப்பேற்றுத் தயாரித்தவர் உரிமையாளர். வரி, இசையின் உரிமை ஆயுளோடு இன்னும் 60 வருடம், ஒலிப்பதிவின் உரிமை வெளியானதிலிருந்து 60 வருடம். 2012 திருத்தத்தின்படி, ஒலிப்பதிவில் பயன்படும் வரிக்கும் இசைக்கும் வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள சமபங்கை அவர்களே நினைத்தாலும் ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோதான் கொடுக்கலாம். யாராவது "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று தாள் நீட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் பாட்டின் பெயர், தேதி, வரி எழுதியது யார், மெட்டு யார், ஒலிப்பதிவில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் வரி எனக்கு, மெட்டு எனக்கும் கிட்டார்காரருக்கும் பாதிப் பாதி, ஒலிப்பதிவு நால்வருக்கும் சமம் என்று வைத்தோம். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை. விரும்பினால் இசைப்படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம். எழுதுபவரும் இசையமைப்பவரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற, ராயல்டி வசூலித்துத் தரும் உரிமைச் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள், பொது இடங்களிலும் வானொலியிலும் ஒலிப்பதற்கான பணம் அந்த வழியாகத்தான் வரும்.

ஏற்றுவதும் நாள் குறிப்பதும்

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் போன்றவற்றுக்கு நாம் நேராக அனுப்ப முடியாது, ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். சிலவற்றில் ஆண்டுச் சந்தா உண்டு, சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடலாம். சேரும் முன் அதைப் படியுங்கள். ஒலிப்பதிவை அடையாளம் காட்டும், 12 எழுத்து கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை அவர்களே கொடுப்பார்கள், குறித்து வையுங்கள். பிறகு நிறுவனம் மாறினாலும் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கணக்கு தொடரும்.

குழுவின் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரே தடவை முடிவு செய்து எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள். எங்கள் முதல் பாட்டு அதே பெயருள்ள வேறொரு குழுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது, மீட்க மூன்று வாரம் ஆனது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் கட்டங்களை நிரப்பாமல் விடாதீர்கள். மொழி என்ற இடத்தில் தமிழ்.

உலகம் முழுக்க 2015-இலிருந்து புதுப் பாட்டுகள் வெள்ளிக்கிழமை வெளியாகின்றன, அதையே வைத்துக்கொள்ளலாம். கல்லூரித் தேர்வு நாட்களையும் ஆனித் தேரோட்ட வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள், அப்போது ஊரில் யாருக்கும் காது இருக்காது. நாள் குறித்ததும் நாலு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அறிமுகப்படுத்தும் படிவத்தை வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு நிரப்ப வேண்டும், வெளியான பிறகு வாய்ப்பில்லை. அதில் "ஆல்டர்நேட்டிவ் ராக்" என்று மட்டும் எழுதாமல், திருநெல்வேலி, கடைசி பஸ், வில்லுப்பாட்டுப் பின்பாட்டு என்று உங்களுக்கே உரியதை எழுதுங்கள்.

பணத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கணக்கு. கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு 2024-இலிருந்து ராயல்டி கிடையாது. அதனால் முன்னுரை கிட்டார் 40 விநாடி ஓடும் பாட்டு இப்போது கடினம். எங்கள் பாட்டில் ஏழாவது விநாடியில் குரல் வந்துவிடும்.

படம், வீடியோ, கருத்துகள்

அட்டைப்படம் 3,000க்கு 3,000 பிக்ஸல் சதுரம், அதில் இணைய முகவரியோ சமூக ஊடகப் பெயரோ கூடாது. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆண்களுக்கு நடுவே பொம்மைபோலப் பெண்ணை நிறுத்தும் படம் வேண்டாம். நாங்கள் சுலோச்சன முதலியார் பாலத்தில் விடியற்காலையில் எடுத்தோம். வரிகளைத் தமிழ் எழுத்தில் காட்டும் எளிய வீடியோவைக் கட்டாயம் செய்யுங்கள், எங்களுக்கு அதிகம் பகிரப்பட்டது அதுதான்.

பெண் பாடும் வீடியோவுக்குக் கீழே அசிங்கமாக எழுதுகிறவர்கள் வருவார்கள். வெளியிடும் முன்பே யூடியூப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் மறைக்க வேண்டிய சொற்களின் பட்டியலைப் போடுங்கள், தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும். முதல் வாரம் அவற்றைப் படித்து நீக்கும் வேலையைக் குழுவின் ஆண்கள் பார்க்கட்டும், பாடியவள் அதையெல்லாம் படிக்க வேண்டியதில்லை. மிரட்டலாக இருந்தால் நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது.

மேடையில்

வெளியான வாரத்திலேயே ஊரில் ஒரு தடவை பாடிவிடுங்கள். கல்லூரி அரங்கம், நண்பர் வீட்டு மொட்டை மாடி, எதுவானாலும் சரி. திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்பதால் ஆறரைக்கே ஆரம்பியுங்கள். கூட வந்த பெண்கள் வீடு திரும்பவும் அந்த நேரம்தான் வசதி.

மைக் செட் அண்ணன்கள் நம் ஊரின் பெரிய பலம். கோயில் கொடைகளில் விடிய விடிய வேலை பார்த்த காது அவர்களுடையது. ஆனால் இன்னிசைக் கச்சேரிப் பழக்கத்தில் குரலுக்கு எக்கோவை நிறையத் திறந்துவிடுவார்கள். டிரம்ஸோடு சேர்ந்தால் சொல் ஒன்றும் புரியாது. முன்கூட்டியே போய், "அண்ணே, எக்கோ வேண்டாம், குரலை முன்னாடி வச்சுக்கொடுங்க, எனக்கு ஒரு மானிட்டர் வேணும்" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நிச்சயம் செய்வார்கள். மானிட்டர் ஸ்பீக்கர் (பாடுகிறவருக்கே தன் குரலைக் கேட்கவைப்பது) மைக்கின் பின்புறம் பார்த்து இருக்கட்டும். மைக்கின் தலைவலையைக் கையால் மூடிப் பிடித்தால் ஊளையிடும், கீழே பிடியுங்கள். கிட்டார் ஆம்பை ஆட்களின் முகத்துக்கு நேராகத் திருப்பாமல் பக்கவாட்டில் வையுங்கள், ஒலியளவு குறைந்து குரல் மேலே வரும்.

சவுண்ட் செக்கில் எல்லோரும் வாசிக்கும் உரத்த கோரஸையே முதலில் பாடுங்கள். அந்த இடத்தில் குரல் கேட்டால் மற்ற இடங்களில் தானாகக் கேட்கும். கிளம்பும் முன், மிக்ஸரிலிருந்து ஒரு பென் டிரைவில் பதிவு செய்து தர முடியுமா என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் அடுத்த பாட்டு 6 கட்டையில் வேண்டாம், ஐந்தரையில் வைக்கலாம் என்று முடிவானது அப்படி வாங்கிவந்த ஒரு பதிவைக் கேட்டுத்தான்.